நூற்றெண்பது புளியங்கொட்டை

உம்மு ஸல்மா இத்தாவில் இருந்த தொண்ணூறாவது நாள், அவளுடைய அறைச் சுவரை இடிக்க வேண்டும் என்று சேர்வேயர் சொல்லி அனுப்பினார்.

கணவன் அலியார் காய்ச்சலில் மௌத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. இத்தா என்றால் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், கணவன் வாழ்ந்த வீட்டை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். இன்னும் முப்பத்தெட்டு நாள் மிச்சம்.

சேர்வேயர் பரமநாதன் யாழ்ப்பாணத்து ஆள். மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நின்றுபோன இரண்டாம் வருடம், அவளுடைய ஊரான கொண்டச்சியின் காணிகளை அளந்து படம் போடும்படி வெள்ளைக்காரர் கந்தோரிலிருந்து உத்தரவு வந்தது. அவர் பள்ளிவாசலுக்கு அப்பால் கூடாரம் அடித்தார். மூன்று காலில் நிற்கிற, தூரத்தைப் பார்த்து மூலை அளக்கிற ஒரு கண்ணாடி, ஒரு சங்கிலி, நாலு ஆட்கள். மேற்கே கடற்கரை மணல்மேட்டில் ஒரு கொடி நட்டார். கிழக்கே குளக்கட்டில் ஒரு கொடி நட்டார். மூன்றாவது கொடிக்கு உரிய இடம் உம்மு ஸல்மாவின் முற்றமாக இருந்தது.

காரணம் ஒரு கல். அலியாரின் வாப்பா அங்கே வீடு கட்டுவதற்கு முன்பே, யாரோ ஒரு துரை வந்து அளந்தபோது நட்டுவிட்டுப் போன கருங்கல். அதன் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளையும் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் இருந்தன. பழைய படத்தில் கொண்டச்சி முழுவதும் அந்தத் துளையிலிருந்துதான் தொடங்குகிறதாம். வீட்டுக்காரர்களுக்கு அது கல், அவ்வளவுதான். மாசியில் அதன் மேல் கருவாடு காயும். பின்னேரங்களில் அலியார் அதில் உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமை சேர்வேயர் கேட்டுக்கொண்டபடி அவளுடைய நானா தாவூது வந்து, துளையில் ஒரு நீளக் கம்பை நிறுத்தி அதன் நுனியில் வெள்ளைத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தான். கூடப் பிறந்த நானா வருவதில் குற்றம் இல்லை. ஆனால் புதன்கிழமை வந்த செய்தி வேறு மாதிரி. கண்ணாடியைக் கல்லுக்கு மேலே நிறுத்தி அங்கிருந்து இரண்டு கொடிகளையும் பார்க்க வேண்டும். குளக்கட்டுப் பக்கத்தை அவளுடைய அறை மறைத்தது. கூரைத் தாழ்வாரத்தைக் கழற்றி, பின்சுவரை ஓர் ஆள் அகலத்துக்கு இடித்தால்தான் வழி. முற்றத்தில் ஆண்கள் இரண்டு மூன்று நாள் நிற்பார்கள். அவள் தாவூதின் வீட்டுக்குப் போக வேண்டும்.

தாவூது திரைச்சீலைக்கு வெளியே குந்திக்கொண்டு இதைச் சொன்னான். அரசாங்கம் என்றால் அவன் எப்போதும் குரலைத் தாழ்த்திவிடுவான்.

"முப்பத்தெட்டு நாளைக்கு முன்னம் எழும்பினா அல்லா ஒண்டும் கோவிக்க மாட்டான், தங்கச்சி. பள்ளிவாசல் லெப்பையிட்டயும் கேட்டிட்டன்."

"லெப்பை என்ன சொன்னார்?"

"தாடியைத் தடவினார்."

ஊரிலே அவளைப் பக்தி மிகுந்தவள் என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். அலியாரைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனபோது அவள் அழவில்லை. அழ வரவில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், யாருக்காக அழ வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது. அவர் அதிகம் பேசாதவர். திட்டியதில்லை, அடித்ததில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இல்லை. பின்னேரமானால் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் கல்லில் இருந்து கடலைப் பார்ப்பார். அவள் கிணற்றில் தண்ணீர் அள்ளுவாள். அப்படியே இருட்டும்.

இந்த அறைக்குள் வந்த பிறகுதான் அவள் அந்த மனிதரைத் தேடத் தொடங்கினாள். வெங்காயம் உரிப்பது போல ஒவ்வொரு நாளாக உரித்துப் பார்த்தாள். ஒருவரும் வந்து குறுக்கே கேட்காத நேரம் ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் எத்தனை நாள் கிடைக்கும்? நானா வீட்டுக்குப் போனால் அது முடிந்துவிடும். புத்தளத்துக் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே விசாரித்திருக்கிறார் என்று அவளுக்குக் காதில் விழுந்திருந்தது. இத்தா முடியும் வரை அந்தக் கலியாணப் பேச்சை எடுக்கக் கூடாது. ஆனால் நானா வீட்டில் மதிலும் இல்லை, திரையும் இல்லை. நானாவின் பெண்சாதி மைனி எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பாள். மிச்சமிருந்த முப்பத்தெட்டு நாளும் அவளுக்கு மட்டுமே சொந்தமானவை. அவற்றை ஒரு கண்ணாடிக்காக விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

தாவூது எழுந்து போகும்போது, சேர்வேயரைக் கிண்டல் பண்ணுகிற குரலில் இன்னொன்றும் சொன்னான். அந்தாள் இங்கே வராமலே இந்த மூலை எவ்வளவு என்று தனக்குத் தெரியும் என்கிறாராம்.

உம்மு ஸல்மா நிமிர்ந்தாள். "வராமலே?"

"ஓம். மற்ற ரெண்டு மூலையையும் அளந்தாச்சாம். மூண்டாவது தன்பாட்டில தெரிய வருமாம்."

"அப்ப ஏன் வாறார்?"

தாவூது தலையைச் சொறிந்துகொண்டு கூடாரத்துக்குப் போனான். மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து பதிலோடு வந்தான். ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கூட்டினால் எப்போதும் ஒரே கணக்குத்தானாம். நேர்கோட்டை நூற்றெண்பது கூறாக்கி ஒவ்வொரு கூறையும் ஒரு பாகை என்கிறார்களாம். மூன்று மூலையும் சேர்ந்தால் சரியாக அந்த நூற்றெண்பதுதான். ஊரளவு முக்கோணமானாலும் உள்ளங்கை அளவு முக்கோணமானாலும் அதுதானாம். நம்பாவிட்டால் ஓர் ஓலையை வெட்டி மூலைகளைக் கிழித்து ஒட்ட வைத்துப் பார்க்கச் சொன்னாராம். ஆனால் கழித்து எடுத்த மூலையைக் கந்தோர் ஒப்புக்கொள்ளாது. முதல் இரண்டில் ஒரு பிழை இருந்தால் மூன்றாவது அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். மூன்றையும் தனித்தனியே அளந்தால்தான் பிழை வெளியே வரும். அதனால் வருகிறாராம்.

தாவூது போன பிறகு உம்மு ஸல்மா பெட்டி இழைக்க வைத்திருந்த வடலியோலையில் ஒரு துண்டை எடுத்தாள். கத்தியால் முக்கோணமாக வெட்டினாள். மூன்று மூலைகளையும் கிழித்தாள். கூர்களை ஒரே புள்ளியில் சேர்த்து, விளிம்போடு விளிம்பு படும்படி பாயில் அடுக்கினாள்.

மூன்றும் சேர்ந்து ஒரு நேரான கரையாக நின்றன. பாயின் ஓரம் போல நேர்.

தற்செயல் என்று நினைத்தாள். இன்னொன்று வெட்டினாள், இந்த முறை வேண்டுமென்றே ஒல்லியாக, கொக்கின் அலகு போல. கிழித்து அடுக்கினாள். நேர். கொழுத்த ஒன்று. நேர். ஒரு பக்கம் சரிந்து விழுகிற மாதிரி விகாரமாக ஒன்று. இரண்டு மூலை சுருங்கியதை மூன்றாவது மூலை விரிந்து ஈடு செய்திருந்தது. நேர்.

ஏழாவது ஓலையோடு அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பத்து வருடமாக அவள் ஓலை வெட்டுகிறாள். இத்தனை நாளும் அவளுடைய கைக்குள்ளே, குப்பையில் தட்டிய வெட்டுத் துண்டுகளில்கூட, இது இருந்திருக்கிறது. ஒருவரும் பார்க்கவில்லை என்று அது ஒரு நாளும் தவறவில்லை. யார் இந்த ஓலைக்குச் சொல்லி வைத்தது? வெட்டுகிறவள் இஷ்டத்துக்கு வெட்டலாம். கூட்டுத்தொகை மட்டும் அவளைக் கேட்பதில்லை. மேட்டிலே ஒரு கொடி, குளக்கட்டிலே ஒரு கொடி, நடுவே மணலும் பற்றையும் ஆட்டுப்பட்டியும். அந்தப் பெரிய வெளிக்கும் இந்தச் சிறிய ஓலைக்கும் ஒரே சட்டம். அவள் வாயில் தானாக சுப்ஹானல்லாஹ் வந்தது. தொழுகைப் பாயில் எத்தனையோ ஆயிரம் முறை சொன்ன வார்த்தைதான். இன்றைக்குத்தான் அது எதைப் பார்த்துச் சொல்ல உண்டானது என்று தெரிந்த மாதிரி இருந்தது.

அலியாரின் அக்கா ஹவ்வா உம்மாதான் அவளுக்குத் துணை. ஐம்பது வயது, பருத்த உடம்பு, வாய் ஓயாது. ஓலைத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, புள்ளைக்குத் தனிமையில் மூளை கலங்கிவிட்டது என்று முதலில் பயந்தாள். உம்மு ஸல்மா விளக்கிச் சொன்னதும், தானும் ஒன்றை வெட்டிக் கிழித்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் இருந்தாள். ஹவ்வா உம்மா சத்தம் போடாமல் இருந்தது ஊரில் யாரும் கண்டதில்லை.

"மதினி, இந்த மூலையை நான் அளந்து குடுத்தா என்ன?" என்றாள் உம்மு ஸல்மா.

யோசனை எளிமையானது. அவள் பாய் நெய்கிறவள். நாலு முழப் பன்பாய் ஒன்று புதிதாக முடிந்திருந்தது. அதன் ஓரத்தைக் கம்பின் அடியில் வைத்து, அங்கிருந்து மேட்டுக் கொடியை நோக்கி ஒரு கயிறு, குளக்கட்டுக் கொடியை நோக்கி ஒரு கயிறு இழுத்துக் கட்டி, கயிறு போகும் வழியே பாயில் நூல் தைத்துவிட்டால், மூலை பாயில் வந்துவிடும். பாயைச் சுருட்டிக் கூடாரத்துக்கு அனுப்பலாம். கண்ணாடிக்குத்தான் கூரை தடை. கயிறு கால் மட்டத்தில் போகும். அறை வாசலால் நுழைந்து பின்சுவரில் ஒரு சின்னத் துவாரத்தால் வெளியே பார்த்தால் போதும்.

தாவூது இதைக் கொண்டுபோய்ச் சொன்னபோது சேர்வேயரின் ஆட்கள் சிரித்தார்களாம். சேர்வேயர் சிரிக்கவில்லை. தான் கழித்து வைத்த எண்ணை ஒரு கடதாசியில் எழுதி மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பாய் மூலை அதோடு ஒரு பாகைக்குள் பொருந்தினால் அந்தப் பெண் இத்தா முடிக்கும் வரை தான் பொறுப்பதாகச் சொன்னார். அதுவரை அந்தக் கணக்கை நம்பித் தெற்குப் பக்க வேலையைத் தொடங்கலாம். பொருந்தாவிட்டால் சனிக்கிழமை காலை சுவர் இடிக்கப்படும். கொடிகளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆட்களை வியாழக்கிழமை காலை முழுவதும் அப்பால் போய் இருக்கச் சொல்லியும் விட்டார்.

வெளியே பார்ப்பது சரியா என்று உம்மு ஸல்மாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது.

"கொடி என்ன ஆம்பிளையோ?" என்றாள் ஹவ்வா உம்மா.

வியாழக்கிழமை விடிந்ததும் தொடங்கினார்கள். உம்மு ஸல்மா சிறிய இரும்பு அலவாங்கால் பின்சுவரின் அடியில் துவாரம் போட்டாள். முதல் துவாரம் பிழைத்தது. ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி இன்னொன்று போட வேண்டி வந்தது. வேலிக் கிடுகில் ஒரு விரிசல் விட்டாள். பிறகு கம்புக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். உயரம் சரிவரவில்லை. வேறு வழியில்லாமல் கல்லில் உட்கார்ந்தாள்.

ஆறு வருடத்தில் அவள் அந்தக் கல்லில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது அவருடைய இடம்.

அலியார் உட்காருவது போலவே மேற்கே முகம் வைத்து மேட்டுக் கொடியைத் தேடினாள். மணல்மேடு தெரிந்தது. அதன் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதுதான் கொடி. கயிற்றின் மறு நுனியை வேலியோடு பிடித்துக்கொண்டு நின்ற ஹவ்வா உம்மாவுக்கு, இடம், வலம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினாள். கயிறு கொடியை மறைத்ததும் நிறுத்தச் சொன்னாள். அப்போதுதான் ஒன்று அவளுடைய மனதில் தட்டிற்று.

கடல் எங்கே?

அவள் மறுபடி பார்த்தாள். எழுந்து பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் கல்லில் இருந்தால் கடல் தெரியாது. மணல்மேடு முழுவதையும் மறைத்திருந்தது. இத்தாவுக்காக வேலியை உயர்த்துவதற்கு முன்பும் மேடு அங்கேதான் இருந்தது. அங்கே உட்காருகிற ஒருவருக்கு மேற்கே தெரிவது மேடு, இரண்டு பனை, அதற்கு முன்னால், அறுபது எட்டு வைக்கிற தூரத்தில், கிணறு.

ஆறு வருடம் பின்னேரங்களில் அவள் தண்ணீர் அள்ளிய கிணறு.

"என்ன புள்ள, கயிறு சரியோ?" என்று ஹவ்வா உம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். உம்மு ஸல்மா கல்லின் விளிம்பில், குதிகால் உரசி உரசி வழுவழுப்பான இடத்தில், கையை வைத்தாள். மூன்று மாதமாக வராத அழுகை அப்போது வந்தது. சத்தமில்லாமல், வெகு நேரம் வந்தது. ஹவ்வா உம்மா கயிற்றை விடவும் முடியாமல் பக்கத்தில் வரவும் முடியாமல் வேலியோடு நின்று தானும் அழுதாள். அவளுக்குத் தம்பி அல்லவா.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையை முடித்தார்கள். குளக்கட்டுக் கயிறு வாசலுக்குள் நுழைந்து துவாரத்தால் வெளியேறிற்று. மேட்டுக்கு ஒரு சிவப்பு நூல், குளக்கட்டுக்கு ஒரு கறுப்பு நூல். ஊசி பிசகாமல் தைத்தாள். தாவூது பாயைத் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே, பாயையும் தூக்கிக்கொண்டு, முகம் தொங்கத் திரும்பி வந்தான். மேட்டில் அளந்தது ஐம்பத்தெட்டு. குளக்கட்டில் அளந்தது நாற்பத்தைந்து. பாகைக்குக் கீழே இருந்த சில்லறையை அவன் நினைவில் வைத்திருக்கவில்லை. சேர்வேயர் கழித்து எழுதி வைத்த எண் எழுபத்தேழு. பாயில் வந்தது எழுபத்துநாலு. மூன்றையும் கூட்டினால் நூற்றெழுபத்தேழு. மூன்று பாகை காணாமல் போயிருந்தது.

பாய் நெய்கிற பெண் கணக்கெடுக்க வெளிக்கிட்டால் இப்படித்தான் என்று அங்கே ஒருவன் சொன்னானாம். தாவூது அவனோடு சண்டைக்குப் போயிருக்கிறான். இருந்தாலும் சனிக்கிழமை காலை வருவார்கள்.

உம்மு ஸல்மா அன்று சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கயிறுகளை மறுபடி கட்டி, பாயை விரித்து, நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கயிறும் நூலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. ஒரு விரலும் விலகவில்லை. மூன்று பாகை என்றால் அந்தப் பாயின் நீளத்துக்கு அரைச் சாண் விலக வேண்டும். அவளுடைய ஊசி அரைச் சாண் பிழைக்காது.

அவள் சுவரோடு சாய்ந்து யோசித்தாள். பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று அசையாமல் இருந்தது. முக்கோணத்தில் மூன்று பாகை குறையாது. குறைய முடியாது. கொக்கின் அலகு போல வெட்டினாலும் குறையவில்லை, சரிந்து விழுகிற மாதிரி வெட்டினாலும் குறையவில்லை. அப்படியானால் அந்த மூன்று பாகை எங்கேயோ இருக்கிறது. மனிதர் யாரோ அதைக் கை தவற விட்டிருக்கிறார்கள். அது அவள் இல்லையென்றால் மேட்டிலோ குளக்கட்டிலோதான்.

மேட்டில் திங்கட்கிழமை அளந்தார்கள். குளக்கட்டில் செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை சோளகக் காற்று கூரையைப் பிடுங்குகிற மாதிரி அடித்தது. மணல் பறந்து சோற்றுப் பானைக்குள்ளும் விழுந்தது.

"மதினி, செவ்வாய்க்கிழமை இந்தக் கம்பு நிண்டதோ?"

ஹவ்வா உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "காத்துக்கு விழுந்து கிடந்தது. பின்னேரம் நான்தான் எடுத்து நட்டன். ஏன்?"

"காலமேயே விழுந்திட்டுதோ?"

"நீ குளிச்சிட்டு வரேக்குள்ளயே கிடந்தது, புள்ள. கம்புதானே எண்டு விட்டிட்டன்."

உம்மு ஸல்மா கண்ணை மூடிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் குளித்தாள். அவளுடைய வெள்ளைச் சீலையை ஹவ்வா உம்மா துவைத்து, வேலிக்குள் மணல் அடிக்கிறது என்று, கிணற்றுத் துலாவில் உயரத் தூக்கிக் கட்டினாள். நாள் முழுவதும் அது வேலிக்கு மேலே நின்று படபடத்தது. கல்லிலிருந்து கிணறு அறுபது எட்டு வைக்கிற தூரம். அரை மைலுக்கு அப்பால், மணல் பறக்கும் காற்றில், எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டுமாம் அந்தக் கண்ணாடி. வெள்ளையாக ஒன்று உயரத்தில் ஆடினால் கொடி என்றுதானே நினைப்பார்கள்?

விஷயம் விளங்கியதும் அவள் சீலைத் தலைப்பை முகத்தில் இழுத்துக்கொண்டாள். அந்நிய ஆண் ஒருவர் அரை நாள் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்துக் கணக்கெழுதியது அவளுடைய சீலையை. இதை எப்படிச் சொல்வது? ஹவ்வா உம்மாவுக்கு விளங்கியபோது, சுளகை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சீலைக் கதையை ஆண்களிடம் எடுப்பதை விடச் சுவரை இடிக்க விடலாம் என்றாள். கூடாரத்தில் கேட்டால் மன்னார் முழுக்கச் சிரிக்கும் என்றாள். கெஞ்சினாள்.

உம்மு ஸல்மா இறைவன் பேரைச் சொல்லித் திக்ர் எண்ணுகிற புளியங்கொட்டைப் பையை எடுத்தாள். நூற்றெண்பது கொட்டைகளை எண்ணிப் பாயில் நீள வரிசையாக அடுக்கினாள். மேட்டுக்கு ஐம்பத்தெட்டை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். தன்னுடைய மூலைக்கு எழுபத்துநாலை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தாள். பாயில் மிச்சமாகக் கிடந்ததை எண்ணினாள். நாற்பத்தெட்டு. ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு மறுபடி எண்ணினாள். நாற்பத்தெட்டு.

அவள் ஒரு நாளும் போயிராத குளக்கட்டில், அவள் ஒரு நாளும் தொட்டிராத கண்ணாடி என்ன சொல்லும் என்பது அந்தப் பாயில் கிடந்தது. ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பெண்ணுக்கு அரை மைலுக்கு அப்பால் இருக்கிற ஒன்று இவ்வளவு துல்லியமாகத் தெரிய வரலாம் என்றால், உலகத்தில் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது? மயிர்க்கால் கூச்செறிந்தது. அந்தக் கூச்சத்தில் சீலையின் கூச்சம் எங்கோ போய்விட்டது.

ஜும்ஆ முடிந்து தாவூது வந்தபோது அவள் திரைக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

"நானா, சேர்வேயரிட்ட சொல்லுங்கோ. செவ்வாய்க்கிழமை கொடி விழுந்து கிடந்தது. அவர் குளக்கட்டில இருந்து பாத்தது கொடியை இல்லை."

"அப்ப எதை?"

"துலாவில காஞ்ச என்ட வெள்ளைச் சீலையை."

வெளியே தாவூது எழுந்து செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.

"இண்டைக்குத் திரும்பிப் போய்ப் பாக்கச் சொல்லுங்கோ. நாற்பத்தைந்து வராது. நாற்பத்தெட்டு வரோணும்."

"வராட்டி?"

"வராட்டிச் சுவரை நானே இடிச்சுத் தாறன்."

தாவூது போனான். ஹவ்வா உம்மா துலாவில் ஒரு கந்தலும் இல்லாதபடி பார்த்துவிட்டு வந்து, கம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கல்லோடு நின்றாள். காற்று லேசாகத்தான் இருந்தது. அவள் விடவில்லை. மூக்கு அரித்தபோது, "புள்ள, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றாள்.

உம்மு ஸல்மா அறைக்குள் போய்த் துவாரத்தருகே படுத்தாள். குளக்கட்டுக் கொடி தெரிந்தது. அதன் அடியில் சிறு கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. அவள் பார்வையை எடுத்துக்கொண்டு, பாயில் கிடந்த நாற்பத்தெட்டுக் கொட்டைகளைப் பார்த்தபடி இருந்தாள். ஓலை தவறவில்லை. இதுவும் தவறாது என்று மனம் சொல்லியது. ஆனாலும் கொட்டைகளை இன்னொரு முறை எண்ணினாள். கிணற்றையும் கல்லையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்தாள். ஒருவர் வாய் திறந்து சொல்லாததையும் இப்படி அறியலாம் போலும். அவர் இருந்த இடத்தில் போய் இருந்து, அவர் பார்த்த பக்கம் பார்த்தால் போதும். இதை ஆறு வருடத்தில் ஒரு பின்னேரமாவது செய்திருக்கலாம்.

அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரம் வேலிக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. தாவூதின் செருப்பு, அதோடு சப்பாத்துச் சத்தமும். ஹவ்வா உம்மா கிடுகு விரிசலால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"சேர்வேயர். வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார் மனுசன்."

வேலிக்கு அப்பால் ஒரு புதுக் குரல் தொண்டையைச் செருமிற்று. மூன்று மாதத்தில் அவள் கேட்ட முதல் அந்நியக் குரல்.

"தங்கச்சி, நாற்பத்தெட்டு. அதுக்கு மேல கொஞ்சம், நிமிசம் எண்டு பாகைக்குக் கீழ சில்லறைக் கணக்கு இருக்குது. அது உங்கட நூலின்ர தடிப்பு."

அவர் பிறகு கொஞ்சம் நின்றார். செவ்வாய்க்கிழமைக் காரியம் தன்னோடு போகும், புத்தகத்தில் காற்று என்று மட்டும் எழுதியிருப்பதாகச் சொன்னார். இருபது வருடமாகத் தான் முக்கோணம் கட்டுவதாகவும், ஒரு மூலை உள்ளேயிருந்து தன்னைத் திருத்தியது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். நாளைக்கு ஆட்களோடு தெற்கே போவதாகவும், அவளுடைய நாட்கள் முடிந்த பிறகு தாவூதைக் கேட்டுக்கொண்டு வருவதாகவும், அப்போதும் கூரையைக் கழற்றாமல் ஒரு வழி பார்ப்பதாகவும் சொன்னார். சப்பாத்துச் சத்தம் மணலில் அமிழ்ந்து போயிற்று.

ஹவ்வா உம்மா அப்போதுதான் கம்பின் நினைவு வந்து கல்லைத் திரும்பிப் பார்த்தாள். கம்பு பிடிப்பார் இல்லாமலே நேராக நின்றது.

"இனிமேல் உன்ட சீலையைப் பானைக்குள்ளதான் காயப்போடுவன்" என்றாள்.

உம்மு ஸல்மா சிரித்தாள். சிரித்ததைக் கேட்டு அவளே ஒரு கணம் திகைத்தாள். பிறகு புளியங்கொட்டைகளை மூன்று பங்கிலிருந்தும் கூட்டி ஒரே குவியலாக்கினாள். மேட்டின் கொட்டை எது, குளக்கட்டின் கொட்டை எது, தன்னுடையது எது என்று இனித் தெரியாது. நூற்றெண்பதும் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்ஹானல்லாஹ்.

களிமண் குழைத்து வந்து துவாரத்தை அடைக்க உட்கார்ந்தபோது சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் குளக்கட்டுக் கொடி, யாரும் பக்கத்தில் இல்லாமல், வெளிச்சத்தில் தனியாக நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு மண்ணை வைத்து அழுத்தினாள். சுவர் மறுபடி முழுச் சுவராயிற்று.

இன்னும் முப்பத்தாறு நாள் இருந்தது. அவள் எழுந்து வெளியே வந்து, மஃரிப் பாங்கு சொல்லும் வரை, மேற்கே முகம் வைத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள்.